விளக்குக்கும் திரைக்கும் நடுவே

சிலப்பதிகாரத்தில் மாதவி அரங்கேறிய மேடையை இளங்கோவடிகள் தச்சர் கணக்காக அளந்து சொல்கிறார். ஏழு கோல் அகலம், எட்டுக் கோல் நீளம், ஒரு கோல் உயரம். கோல் ஒன்றுக்கு இருபத்து நான்கு விரல். உள்ளே வர ஒரு வாயில், வெளியேற ஒரு வாயில். ஒருமுக எழினி, பொருமுக எழினி, கரந்துவரல் எழினி என்று மூன்று வகைத் திரைகள். இவ்வளவையும் அடுக்கிக்கொண்டு போகிற அரங்கேற்று காதை நடுவில் விளக்கைப் பற்றியும் ஒரு செய்தி வைத்திருக்கிறது. தூண்களின் நிழல் ஆடும் இடத்திலும் அவையிலும் விழாமல் வெளியே போகும்படி விளக்கை நிறுத்தினார்களாம். ஆடுகிறவளின் கையையும் காலையும் கவனித்த அதே கண் நிழலையும் கவனித்திருக்கிறது. மேடைக்கு வெளிச்சம் போட்டுப் பழகியவர்களுக்கு இதில் ஆச்சரியம் இராது. விளக்கு வைத்தால் நிழல் விழத்தான் செய்யும். அதை எந்தப் பக்கம் தள்ளுவது என்பதே அவர்களுடைய தொழில்.

அந்தத் தலைவலி இப்போது புது உருவில் வந்திருக்கிறது. சமகால நடன மேடைகளில் புரொஜெக்டர் ஒரு சாதாரண சாமானாகிவிட்டது. சமகால நடனம் என்றால் என்ன என்று கேட்பவர்களுக்கு: பரதம், கதக் போல இலக்கணம் வகுத்த ஒரே மரபுக்குள் நில்லாமல், களரி, யோகம், மேலை நாட்டு பாலே, தெருவில் நடக்கிற நடை, விழுவது, எழுவது என்று உடலின் எந்த அசைவையும் எடுத்துக்கொள்கிற ஆட்டம் அது. பெரும்பாலும் கதை சொல்லாது. பாட்டின் சொல்லுக்குச் சொல் அபிநயம் பிடிக்காது. இதோடு ஓடும் படத்தையும் சேர்க்கிறார்கள். படம் பின்திரையில் விழலாம், முன்னால் தொங்கும் மெல்லிய வலைத்துணியில் விழலாம், தரையில் விழலாம், ஆடுகிறவர் மேலேயே விழலாம். எங்கே விழுந்தாலும் ஆடுகிறவர் ஒளிக்குக் குறுக்கே வந்தே தீருவார். இந்தக் கூட்டு எப்போது கலையாகிறது, எப்போது வெறும் ஜோடனையாக நின்றுவிடுகிறது என்று பார்க்க என்னிடம் ஒரே ஒரு கேள்விதான் இருக்கிறது. ஆளை மேடையிலிருந்து எடுத்துவிட்டால் படத்துக்கு ஏதாவது குறைகிறதா? குறையில்லாமல் அது பாட்டுக்கு ஓடுமானால், ஆடுகிறவர் அங்கே கூடுதல் ஆள். படம் அவருக்காகக் காத்திருக்க வேண்டும், அவர் இல்லாமல் தவிக்க வேண்டும். கருவியின் விலையும் படத்தின் அழகும் இதற்கு அப்புறம்தான்.

தமிழ்நாட்டில் பெரும்பாலோர் படமும் ஆட்டமும் சேர்ந்து பார்ப்பது பள்ளி ஆண்டு விழாவில், அதற்கு அடுத்தபடியாக அரங்கேற்றங்களில். பின்னால் வாடகைக்கு எடுத்த எல்இடி திரை நிற்கும். பாட்டில் கங்கை வந்தால் திரையில் அருவி கொட்டும். நடராசர் வந்தால் நெருப்பு வளையம் சுழலும். முருகன் வந்தால் மயில் தோகை விரிக்கும். பிள்ளைகள் முன்னால் உயிரைக் கொடுத்து ஆடிக்கொண்டிருப்பார்கள். கூட்டத்தின் கண் மயிலிடம் போய்விடும். இதில் பிள்ளைகளின் திறமைக் குறைவு ஒன்றும் இல்லை. கண் செய்கிற வேலை அப்படி. பெரியது, பிரகாசமானது, அசைவது என்று மூன்றும் ஒரே இடத்தில் சேர்ந்தால் பார்வை அங்கேதான் ஓடும். போதாததற்கு எல்இடி திரை தானே ஒளிர்கிற பொருள். அதன் வெளிச்சத்துக்கு ஏற்பக் கண்ணின் பாவை சுருங்கிக்கொள்கிறது; அதற்கு முன் நிற்கிற ஆள் இருண்டு, வெட்டி ஒட்டிய கறுப்புத் தாளாகிவிடுகிறார். முகம் தெரியவில்லையே என்று முன்விளக்கை ஏற்றுவார்கள். திரை மங்குகிறதே என்று எல்இடிக்காரர் அதையும் ஏற்றுவார். கடைசியில் இரண்டு வெளிச்சங்களும் மல்லுக்கு நிற்க, புருவம் எந்தப் பக்கம் உயர்ந்தது என்று யாருக்கும் தெரியாது. இன்னொன்றையும் கவனிக்கலாம். அந்தத் திரையில் ஆடுகிறவரின் நிழல் விழவே விழாது. ஒளி அதற்கு உள்ளேயிருந்து வருகிறது. நடுவில் யார் நின்றாலும் அதற்கு ஒன்றுதான்.

கையில் பூத்துக் காட்டிய தாமரை பின்னால் பன்னிரண்டு அடிக்கு மலரும்போது பறிபோவது ஆடுகிறவரின் முகம் மட்டும் என்று நினைக்க வேண்டாம். பார்க்கிறவரின் பங்கும் போகிறது. இதை விளக்க ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர்களுக்கு வெளியூர் உதாரணம் தேவையில்லை. ஸ்ரீரங்கம், ஆழ்வார்திருநகரி, மேல்கோட்டை என்று விரல்விட்டு எண்ணக்கூடிய தலங்களில் மட்டும் மிஞ்சியிருக்கிற அரையர் சேவை என்ற, பாடி அபிநயிக்கும் வழிபாட்டுக் கலை ஆண்டாள் கோயிலில் இன்றும் நடக்கிறது. கூம்பு வடிவக் குல்லாய், கையில் தாளம். வேடமாற்றம் கிடையாது, காட்சித் திரை கிடையாது. முத்துக்குறி என்ற பகுதியில் காதலால் வாடும் மகள், கவலைப்படும் தாய், முத்தைப் பரப்பிக் குறி சொல்லும் கட்டுவிச்சி என மூவர் வருகிறார்கள். மூன்று பேருக்கும் ஒரே அரையர்தான். குரலும் கையும் மாறுகின்றன; மகளையும் தாயையும் கட்டுவிச்சியையும் நம் மனம் எழுப்பிக்கொள்கிறது. அந்த நேரத்தில் பின்னால் ஒரு திரை வைத்து உண்மையான முத்துகள் உருளுவதைக் காட்டினால் காட்சி கூடாது, குறையும். ஆகவே, “நம் ஆட்டங்களுக்கு எதற்கு வீடியோ?” என்று முகம் சுளிப்பவர்களின் கோபத்தில் பாதியை நான் அப்படியே ஏற்றுக்கொள்கிறேன். அபிநயம் ஏற்கெனவே ஒரு படத்தை மனத்தில் விழச்செய்கிற கலை. அதே படத்தைத் திரையிலும் போடுவது ஒரே கடிதத்தை இரண்டு முறை தபாலில் சேர்ப்பது மாதிரி.

மீதிப் பாதிக்குப் பதில் சொல்லக் கொஞ்சம் வரலாற்றுக்குள் போகவேண்டும். ஆடும் உடலும் திரையில் விழும் ஒளியும் சேர்ந்தது நேற்று முளைத்த சங்கதி இல்லை. அமெரிக்காவில் பிறந்த லோய் ஃபுல்லர் 1892இல் பாரிஸின் ஃபோலி பெர்ஜேர் அரங்கில் ஆடி அந்த நகரத்தையே கிறங்கடித்தார். கஜக்கணக்கான பட்டுத் துணியை நீண்ட கழிகளின் துணையோடு சுழற்றுவார். நாலா பக்கமிருந்தும் வண்ண விளக்குகளும், வண்ணம் தீட்டிய கண்ணாடித் தகடுகள் செருகிய மாயவிளக்குகளும் அந்தத் துணிமேல் பாயும். சினிமா இன்னும் பொதுமக்கள் முன் வராத காலம் அது. அவருக்குத் திரை என்று தனியாக ஒன்று கிடையாது. சுழல்கிற துணிதான் திரை. கையை நிறுத்தினால் துணி தொங்கிவிடும், படமும் போய்விடும். இந்தக் கலையின் முழுப் பாடமும் அங்கேயே இருந்தது என்றுகூடச் சொல்லலாம். பின்னால் வந்தவர்கள் அதை மறந்து மறந்து மீண்டும் கண்டுபிடித்துக்கொண்டிருக்கிறார்கள்.

இந்தியாவில் அதைக் கண்டுபிடித்தவர் உதய் சங்கர். அல்மோராவில் அவர் நடத்திய கலை மையத்தில் பரதம் கற்றுக்கொடுக்கத் தஞ்சை மரபில் வந்த கந்தப்ப பிள்ளை போயிருந்தார்; பாலசரஸ்வதியின் ஆசான் அவர். அங்கே 1940களின் தொடக்கத்தில் உதய் சங்கர் ராமலீலையை நிழலாட்டமாக நடத்தினார். பெரிய வெள்ளைத் திரைக்குப் பின்னால் ஆட்கள் ஆட, முன்னால் இருப்பவர்கள் நிழலை மட்டும் பார்த்தார்கள். இந்த முறையில் ஒருவர் விளக்கை நோக்கி நாலடி பின்வாங்கினால் போதும், திரையில் விசுவரூபம் எடுத்துவிடுவார். மையம் மூடப்பட்ட பிறகு அவர் சென்னைக்கு வந்து ஜெமினி ஸ்டுடியோவில் ‘கல்பனா’ என்ற நடனப் படத்தை எடுத்தார். 1948இல் அது வெளியானது. நாட்டியப் பேரொளி பத்மினி சிறு வயதில் முதலில் திரையில் தோன்றியது அதில்தான். நிழலையும் சினிமாவையும் தனித்தனியே முயன்று பார்த்தவர் 1970இல் கல்கத்தாவில் இரண்டையும் ஒரே மேடையில் சேர்த்தார். ‘சங்கர்ஸ்கோப்’ என்று அதற்குப் பெயர். படத்தில் ஓடிக்கொண்டிருக்கிற பாத்திரம் சட்டென்று மேடையில் ஆளாக வந்து நிற்கும். மேடையில் நின்றவர் படத்துக்குள் போய்விடுவார். செக்கோஸ்லோவாகியாவின் லாட்டர்னா மாகிகா குழு இதே மாதிரி ஒரு வித்தையை 1958இல் பிரஸ்ஸல்ஸ் உலகக் கண்காட்சியில் காட்டிப் புகழ்பெற்றிருந்தது. இரண்டிலும் வேடிக்கை எங்கே என்றால், படம் பாதியில் அறுந்து ஆளிடம் கைமாறும் அந்த நொடியில். ஆள் ஒரு கணம் பிந்தினாலும் மொத்தமும் கெட்டுவிடும். அப்படிக் கெட்டுப்போகும் வாய்ப்பு இருக்கிறவரைதான் அது மேடைக் கலை.

சங்கர்ஸ்கோப்புக்கு நாலு வருடம் முன்னால், 1966இல், அமெரிக்காவில் டிரிஷா பிரவுன் என்ற நடனக்காரர் செய்தது இன்னும் எளியது, என் கணக்கில் இன்னும் ஆழமானது. ‘ஹோம்மேட்’ என்று அதற்குப் பெயர். அவர் ஆடியதை ராபர்ட் விட்மன் முன்பே படமெடுத்திருந்தார். அந்தப் படத்தை ஓட்டும் புரொஜெக்டரை பிரவுன் முதுகில் கட்டிக்கொண்டு, அதே ஆட்டத்தை மேடையில் ஆடினார். அவர் திரும்பினால் படமும் திரும்பும். சுவரில் ஓடும், கூரையில் ஏறும், பார்க்கிறவர்கள் முகத்தில் விழுந்து கடந்துபோகும். குனிந்தால் தரைக்கு வரும். படத்துக்குள் இருக்கிற பெண்ணுக்குப் பாரம் கிடையாது. படத்தைச் சுமக்கிற பெண்ணுக்கு முதுகில் இரும்பு கனக்கிறது. இரண்டு பேரும் ஒருவரே. ஒரு சினிமாவால் காட்ட முடியாததை, வெறும் ஆட்டத்தாலும் காட்ட முடியாததை, இரண்டும் சேர்ந்து இங்கே காட்டிவிட்டன. செலவு என்று பார்த்தால் ஒரு புரொஜெக்டரும் ஒரு வாரும்தான்.

லூசிண்டா சைல்ட்ஸ் 1979இல் அமைத்த ‘டான்ஸ்’ இதன் மறுபக்கம். இசை ஃபிலிப் கிளாஸ். படம் ஓவியர் சோல் லெவிட். நடனக்குழு ஆடுவதை அவர் கறுப்பு வெள்ளையில் படமாக்கினார். மேடையின் முன்னால் தொங்கும் மெல்லிய துணியில் அந்தப் படம் ஓட, துணிக்குப் பின்னால் அதே ஆட்கள் அதே அடவுகளை அதே தாளத்தில் ஆடினார்கள். மெல்லிய துணிக்கு ஒரு குணம் உண்டு: முன்னாலிருந்து ஒளி பட்டால் திரையாகும், பின்னால் வெளிச்சம் போட்டால் இல்லாததுபோல் மறைந்து உள்ளே இருப்பதைக் காட்டும். இரண்டையும் அளவாகக் கலந்தால் படமும் ஆளும் ஒன்றன்மேல் ஒன்று ஏறித் தெரியும். சில சமயம் படத்தில் வருபவர் ஆளைவிட இரண்டு மடங்கு பெரியவராக மேலே ஆடுவார், சில சமயம் பக்கத்திலேயே ஆடுவார். முப்பது ஆண்டு கழித்து 2009இல் இதை மீண்டும் மேடையேற்றியபோது பழைய படத்தையே ஓட்டினார்கள். இப்போது துணிக்குப் பின்னால் வேறு தலைமுறை. துணியில் 1979இன் இளைஞர்கள், மூப்பில்லாமல். இரண்டு தலைமுறைகள் ஒரே தாளத்தில் கால் வைக்கிறார்கள். ஒன்றுக்கு மூச்சு வாங்குகிறது, ஒன்றுக்கு வாங்குவதில்லை. படத்தை மட்டும் தனியாக ஓட்டினால் அது ஒரு பழைய ஆவணம், அவ்வளவே. பின்னால் வியர்வையோடு ஓர் உடல் நிற்கும்போதுதான் அந்தப் படத்துக்கு வயது தெரிகிறது.

இதுவரை சொன்னவை எல்லாம் முன்பே எடுத்த படங்கள். ஆள்தான் படத்துக்கு ஏற்ப ஆடவேண்டியிருந்தது. கணினி வந்தபின் இது தலைகீழானது. ஆஸ்திரேலியாவின் மெல்போர்னில் இயங்கும் சங்கி மூவ் குழு 2006இல் ‘க்ளோ’ என்ற ஆட்டத்தை மேடையேற்றியது. நடனம் கிடியன் ஒபர்சானெக். மென்பொருள் ஜெர்மானியரான ஃப்ரீடர் வைஸ். அரை மணிக்கும் குறைவான நேரம், ஒரே ஓர் ஆள், வெள்ளைத் தரை. பார்வையாளர்கள் சுற்றி மேலே உட்கார்ந்து கிணற்றுக்குள் பார்ப்பதுபோல் கீழே பார்க்கவேண்டும். கூரையில் ஒரு கேமரா. அது அகச்சிவப்பு ஒளியில் மட்டும் பார்க்கும். அந்த ஒளி நம் கண்ணுக்குத் தெரியாது, ஆகவே புரொஜெக்டர் தரையில் எதைப் போட்டாலும் கேமரா குழம்பாது. உடலின் உருவம் மட்டும் அதற்குத் தெரியும். கணினி அந்த உருவத்தைச் சுற்றிக் கோடு வரைகிறது, புரொஜெக்டர் அதைத் திருப்பித் தரைக்கு அனுப்புகிறது. ஆள் கையை நீட்டினால் ஒளிக்கோடு நீள்கிறது, சுருண்டால் சுருங்குகிறது. இந்தச் சுற்று முடிய எடுக்கும் நேரம் பத்தில் ஒரு நொடி ஆனாலே கண் திருட்டைப் பிடித்துவிடும், கோடு உடலுக்குப் பின்னால் இழுபடும். ஓரிடத்தில் ஆள் நகர்ந்துவிட, அவர் விட்டுப்போன உருவம் கரிய திட்டாகத் தரையிலேயே தங்கி, பிறகு அவரைத் தேடி ஊர்கிறது. நிழலை உடலிலிருந்து பிய்த்து எடுத்து, அதையே எதிரில் ஆட விட்டுவிட்டார்கள். இங்கே ஆள் இல்லையென்றால் படமே கிடையாது. வெறும் வெள்ளைத் தரை. மாதவியின் மேடையில் வெளியே தள்ளிய நிழலை இந்த மேடை உள்ளே அழைத்துப் பாத்திரமாக்கிவிட்டது.

சரி, நம் பக்கத்தில்? பெங்களூரின் ஆட்டக்களரி மையம் இந்தியாவில் இதை விடாமல் செய்துவரும் இடம். 1992இல் தொடங்கிய இதன் கலை இயக்குநராக இருந்த ஜெயச்சந்திரன் பாலாழி கேரளத்துக்காரர். களரியும் பரதமும் கற்று, லண்டனில் சமகால நடனம் பயின்றவர். ஜப்பானிய ஊடகக் கலைஞர் குனிஹிகோ மட்சுவோவோடு சேர்ந்து ‘புருஷார்த்தா’ செய்தார். அதன்பின் 2009 வாக்கில் ஜெர்மானியரான கிறிஸ் சீக்லர் ஊடக வடிவமைப்பிலும் பிரெஞ்சுக்காரரான மாத்தியாஸ் டுப்ளெசி இசையிலும் துணையிருக்க ‘க்ரோனோடோபியா’ வந்தது. அதற்கு ஊற்று சிலப்பதிகாரம். கண்ணகி கதையை வரிசையாகச் சொல்லும் படைப்பு அல்ல; காப்பியத்தின் உள்ளே ஓடும் இழப்பையும் தேடலையும் உடலுக்கும் ஒளிக்கும் கொடுத்துப் பார்க்கிற முயற்சி. இதே காப்பியத்தை ஒளியால் சொல்லும் இன்னொரு காட்சி நமக்கு மிகப் பக்கத்தில் இருந்தது. மதுரை திருமலை நாயக்கர் மகாலில் 1980களின் தொடக்கம் முதல் நடத்தப்பட்டுவந்த ஒலி-ஒளிக் காட்சியில் சிலப்பதிகாரமும் இருந்தது. பதிவுசெய்த குரல்கள் பேச, தூணுக்குத் தூண் வண்ண வெளிச்சம் தாவும். பள்ளிச் சுற்றுலாவில் போன ஒரு தலைமுறைக்கே கண்ணகியின் குரல் அங்கே கேட்ட குரல்தான். ஆனால் அங்கே ஆள் யாரும் கிடையாது. நேற்றும் இன்றும் ஒரே மாதிரி நடக்கும். கண்ணகியின் கோபம் ஒரு நாளும் கூடாது, குறையாது. ஊர்களுக்கு வரும் சுற்றுலா ஒளிக்காட்சித் திட்டங்கள் எல்லாம் இந்த வழியிலேயே போகின்றன. ஸ்ரீவில்லிபுத்தூரிலும் ஒரு திருமலை நாயக்கர் மகால் இருக்கிறது. நாளைக்கு யாராவது அதன் சுவரில் ஒளிப்படம் போட நினைத்தால், ஒரே ஓர் ஆட்டக்காரரையாவது அந்த ஒளிக்குள் நடக்கவிடட்டும் என்பது என் ஆசை.

இந்த வாதத்துக்கு எதிரே நிற்கிற வலுவான சாட்சி அக்ரம் கானின் ‘தேஷ்’. வங்கதேசப் பெற்றோருக்கு லண்டனில் பிறந்த அவர் 2011இல் தனியாளாக ஆடிய படைப்பு அது. கதைகளை எழுதியவர்களில் கவிஞர் கார்த்திகா நாயரும் ஒருவர். அதில் ஒரு பகுதியில் முன்துணி முழுக்க வெள்ளைக் கோட்டால் வரைந்த காடு விரிகிறது. தேன் தேடிப் போகும் சிறுவனாக அக்ரம் கான் படகில் போகிறார், மரம் ஏறுகிறார், தேனீக்கள் துரத்துகின்றன, யானை கடந்துபோகிறது. எல்லாமே முன்கூட்டிச் செய்த அசைவூட்டப் படம். கேமரா அவரைப் பின்தொடரவில்லை. அவர் மேடைக்கு வராவிட்டாலும் காடு ஓடும், யானை நடக்கும். என் கேள்வியை அப்படியே போட்டால் ‘தேஷ்’ தோற்கவேண்டும். பார்த்தவர்கள் மறக்காத பகுதியோ அதுதான். ஆகவே கேள்வியைக் கொஞ்சம் தளர்த்தத்தான் வேண்டும். அந்தக் காட்டை வரைந்தவர்கள் அதில் ஓர் இடத்தைக் காலியாக விட்டிருக்கிறார்கள். கிளை இருக்கிறது, ஏறுகிறவன் இல்லை. படகு இருக்கிறது, துடுப்பு போடுகிறவன் இல்லை. வண்ணம் தீட்டாமல் கோட்டோடு நிறுத்தியதும் அதற்காகவே. தட்டையான துணியில் இருக்கிற மரத்தில், தரையில் நின்றபடியே, உடல் பாரம் மேலே போவதுபோல் ஏறிக் காட்டுவது கான் செய்கிற வேலை. அதை எடுத்துவிட்டால் மிஞ்சுவது பாதி வரைந்த சிறுவர் புத்தகம். எல்இடி அருவி தன்னிலேயே நிறைந்தது. அதற்குள் யாருக்கும் இடம் இல்லை. வித்தியாசம் அங்கே இருக்கிறது, நேரடிப் படமா முன்பே எடுத்ததா என்பதில் இல்லை.

சந்திரலேகாவைச் சாட்சிக்கு அழைப்பவர்களுக்கும் பதில் சொல்லவேண்டும். சென்னை பெசன்ட் நகர் கடற்கரை ஓரம் இருந்துகொண்டு, 1985இல் ‘அங்கிகா’ தொடங்கி 2001இன் ‘சரீரா’ வரை, நகையும் சிரிப்பும் அலங்காரமும் களைந்த உடலை மேடையில் நிறுத்தியவர் அவர். முதுகெலும்பு ஒன்று போதும், எதற்குப் படம் என்று அவருடைய படைப்புகளைப் பார்த்து வளர்ந்தவர்கள் கேட்பது நியாயம். போதும் என்பதில் எனக்கும் சந்தேகமில்லை. ஆனால் ஒன்று: அந்த வெற்று மேடை வெளிச்சமில்லாத மேடை அல்ல. சதானந்த் மேனன் போட்ட ஒளி அந்தப் படைப்புகளில் ஒரு பங்காளி. எந்தத் தோள் இருளில் நிற்கவேண்டும், எந்தத் தொடையின் தசை எப்போது தெரியவேண்டும் என்பதெல்லாம் விளக்கு எடுத்த முடிவுகள். மேடை விளக்கைக் கலையாக ஏற்றுக்கொண்ட பிறகு, அசைகிற விளக்கான புரொஜெக்டரை மட்டும் வாசலில் நிறுத்தக் காரணம் தேடவேண்டியிருக்கும். படம் என்பதை மறந்து, வடிவம் மாறும் வெளிச்சம் என்று அதைப் பார்த்தால் பாதிச் சண்டை தீர்ந்துவிடும். சந்திரலேகாவிடம் கற்கவேண்டியது வேறு: உடலுக்குத் துணை வராத எதையும் மேடையில் ஏற்றாத கண்டிப்பு. அந்தக் கண்டிப்போடு புரொஜெக்டரைப் பிடித்தவர்கள் உலகத்திலேயே குறைவு.

இதெல்லாம் பெருநகரத்து மேல்தட்டு விளையாட்டு, வத்திராயிருப்பு, பிளவக்கல் போன்ற சிற்றூர்களில் இருப்பவர்களுக்கு இதில் என்ன இருக்கிறது என்பது கடைசி ஆட்சேபம். பார்க்கப் போனால் இங்கே உள்ளவர்களுக்குத்தான் இதன் அரிச்சுவடி நன்றாகத் தெரியும். தென்மாவட்டங்களில் மழை வேண்டி ராமாயணத் தோல்பாவைக்கூத்து நடத்துகிற வழக்கம் இருந்தது. வேட்டித் திரை, பின்னால் விளக்கு, நடுவில் வண்ணம் தீட்டிய ஆட்டுத்தோல் பாவை. திரையோடு ஒட்டினால் அனுமன் துல்லியமாகத் தெரிவார், விலக்கினால் மங்கிப் பெருப்பார் என்பது முன்வரிசையில் உட்கார்ந்த எந்தப் பிள்ளைக்கும் தெரியும். கொஞ்சம் எழுந்து பின்பக்கம் எட்டிப்பார்த்தால், ராமனுக்கும் ராவணனுக்கும் மாறி மாறிக் குரல் கொடுத்துக்கொண்டு வியர்த்துக்கொண்டிருக்கும் ஆளையும் பார்க்கலாம். டூரிங் டாக்கீஸ் காலத்திலும், திருவிழாவுக்குத் தெருவில் திரை கட்டிப் படம் போட்ட காலத்திலும், இடம் கிடைக்காதவர்கள் திரைக்குப் பின்னால் உட்கார்ந்து எழுத்துகள் இடவலம் மாறி ஓடுவதைப் பார்த்தார்கள். விளக்கு எங்கே, திரை எங்கே, நடுவில் யார் என்ற கணக்கு இந்த மக்களுக்குப் புதிது இல்லை. சமகால நடனத்தின் அசைவு பழகாததாக இருக்கலாம். ஒளியின் விளையாட்டு பழகியதுதான். கூத்துக்காரர் பின்னால் மறைந்து வேலை செய்தார், இங்கே அவர் முன்னால் வந்துவிட்டார் என்று சொன்னால் புரியாதவர்கள் யார்?

செலவைப் பற்றிப் பேசுவதானால் கணக்காகவே பேசலாம். ஆறு மீட்டர் அகலத்துக்குப் படம் விழவேண்டும் என்று வைத்துக்கொள்வோம். இன்றைய அகலத்திரை அளவில் உயரம் ஏறக்குறைய 3.4 மீட்டர்; பரப்பு இருபது சதுர மீட்டருக்குச் சற்று மேல். கொஞ்சம் நல்ல கூட்ட அரங்குகளில் இருக்கிற 5,000 லூமன் புரொஜெக்டரை வைத்தால் அந்தப் பரப்பில் சதுர மீட்டருக்குக் கிடைப்பது சுமார் 250 லூமன். மேடை முன்விளக்குகள் சாதாரணமாகவே இதைவிடக் கூடுதலாக அடிக்கும். அவற்றைப் போட்டால் படம் பால் ஊற்றியதுபோல் வெளுத்துவிடும். அதனால்தான் இவ்வகை ஆட்டங்களில் ஆளுக்கு வெளிச்சம் பக்கவாட்டிலிருந்து, இடுப்பு உயரத்திலும் முழங்கால் உயரத்திலும் வருகிறது. பக்கவிளக்கு உடலைத் தொட்டுவிட்டு எதிர்ப்பக்கம் இருளுக்குள் போய்விடும், திரைக்குப் போகாது. உடலும் செதுக்கியதுபோல் தெரியும். ஆடை கறுப்பா வெளுப்பா என்பதும் இந்தக் கணக்கில் வருவது: வெள்ளை உடுத்தினால் உடலே திரையாகும், கறுப்பு உடுத்தினால் படத்தில் ஓர் ஓட்டை விழும். இவற்றுக்குப் பணத்தைவிடப் பொறுமைதான் அதிகம் வேண்டும். புரொஜெக்டர் இன்று அரசுப் பள்ளியிலும் இருக்கிறது, கல்யாண மண்டபத்திலும் இருக்கிறது.

கைப்பேசியில் பார்த்துக்கொள்ளலாமே என்று நினைத்தால் ஏமாற்றம்தான். பிரகாசமான திரையையும் மங்கிய உடலையும் ஒரே நேரத்தில் கண் சமாளிக்கிற அளவுக்குக் கேமரா சமாளிக்காது. திரைக்கு அளவு வைத்தால் ஆள் கரியாகிறார், ஆளுக்கு வைத்தால் திரை வெந்துபோகிறது. அதைவிட, பதிவில் ஆளும் படமும் ஒரே கண்ணாடியில் ஒரே மாதிரிப் புள்ளிகளாகிவிடுகின்றன. எது பாரமுள்ளது, எது பாரமற்றது என்ற வேறுபாட்டை வைத்துத்தான் இந்தக் கலையே நடக்கிறது. பதிவில் முதலில் காணாமல் போவது அதுதான். நேரில் பார்க்க இப்போதைக்குச் சென்னைக்கோ பெங்களூருக்கோதான் போகவேண்டும். அங்கே போனால் முதல் வரிசையை விட்டுவிட்டு நடுவில் உட்காருவது நல்லது; முன்துணி மிகப் பக்கத்தில் இருந்தால் அதன் நெசவுதான் தெரியும். கண் படத்தின் பின்னால் ஓடும்போதெல்லாம் அதை இழுத்து ஆடுகிறவரின் பாதத்தில் வைத்துப் பார்க்கலாம். பாதத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதும் படம் ஓரக்கண்ணில் தானாகப் பொருள் தந்தால் படைப்பு நன்றாக இருக்கிறது. பாதம் அலுத்துப்போய்க் கண் படத்துக்கே திரும்பினால், உருவாக்கியவர்கள் படத்தில் ஆளுக்கு இடம் விடவில்லை. ராஜபாளையத்தில் ஒரு கல்லூரிக் குழு இதை முயல விரும்பினால் தொடங்கவேண்டியது மண்டபத்தை அளப்பதில்தான். சாதாரண லென்ஸுக்கு ஆறு மீட்டர் படத்துக்கு ஒன்பது மீட்டர் தூரம் வேண்டும். அந்தத் தூரத்தின் நடுவில் மின்விசிறியும் தோரணமும் தொங்கக்கூடாது. ஜன்னல்களை எல்லாம் கறுப்புத் துணியால் அடைக்கவேண்டும். அவ்வளவு இடம் இல்லையா, புரொஜெக்டரைக் கூரையில் கட்டித் தரையில் படம் போடலாம். பார்க்கிறவர்களை மாடிக் கைப்பிடிச் சுவரோரம் நிறுத்திவிட்டால் போயிற்று.